லேசாக வந்துபோன கொரோனா நான்கு ஆண்டுகளாகியும் விடாமலிருப்பது ஏன்?

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்ட வகையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். 2021 மே மாதம் கணவன், மனைவி இருவருக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல் கண்டது. உங்களுக்கு ஆக்சிஜன் அளவு 86 வரை இறங்கியது. சென்னையில் படுக்கைக்காக அலைந்து, இரண்டு வாரம் மருத்துவமனையில் இருந்து, ஓராண்டுக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டீர்கள். உங்கள் மனைவிக்கு நான்கு நாள் காய்ச்சலும் மணமிழப்பும் மட்டுமே. அவருக்குப் பரிசோதனைகூடச் செய்யவில்லை. ஆனால் நான்கு ஆண்டுகள் கழிந்த இன்றும், விருந்தினர் வந்து சமையலறையில் சற்றுக் கூடுதலாக நின்றால் மறுநாள் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிடுகிறார். காபி கருகிய ரப்பர்போல் நாறுகிறது என்கிறார். எழுந்து நின்றால் நெஞ்சு படபடக்கிறது. பேச்சின் நடுவே சொல் வராமல் நின்றுவிடுகிறார். எக்ஸ்ரே, எக்கோ, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருப்பதால் மருத்துவர் ஒருவர் ‘மனசுதான் காரணம், தினமும் ஒரு மணி நேரம் வாக்கிங் போங்கள்’ என்று அனுப்பிவிட்டார். உறவினர்களோ தடுப்பூசிமேல் பழியைப் போடுகிறார்கள். இது கொரோனாவால் வந்ததா, மனப்பிரச்சினையா என்று கேட்டிருக்கிறீர்கள். ‘சாவின் வாசல்வரை போன நான் நடமாடும்போது, லேசாக வந்த அவளால் ஏன் முடியவில்லை’ என்ற உங்கள் குழப்பமே அந்தக் கேள்விக்கு அடியில் இருப்பதாக எனக்குப் படுகிறது. அந்தக் குழப்பத்துக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

நான் நுரையீரல் மருத்துவம் படித்தவன். முதல் இரண்டு அலைகளிலும் கோவிட் வார்டில் பணியாற்றினேன். அதன்பின் அந்த நோயாளிகளைத் தொடர்ந்து பார்க்கும் புறநோயாளிப் பிரிவிலும் இருந்தேன். உங்கள் மனைவியை நேரில் பார்க்காமல், நாடியைத் தொடாமல், இன்னதுதான் நோய் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. நீங்கள் எழுதியுள்ள அறிகுறிகள் எதனோடு பொருந்துகின்றன, எவற்றை முதலில் விலக்கிப் பார்க்க வேண்டும் என்ற அளவில் மட்டுமே இந்தப் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு நடந்தது எங்களுக்கு நன்றாகத் தெரிந்த போக்கு. முதல் வாரம் வைரஸ் பெருகும் காலம். அதன்பின் வைரஸ் குறையத் தொடங்கும் வேளையில், உடலின் எதிர்ப்பாற்றல் அளவுமீறி எழுந்து, நுரையீரலின் காற்றுப்பைகளில் அழற்சியை உண்டாக்கும். எட்டாம் நாள் முதல் பத்தாம் நாளுக்குள் திடீரென்று ஆக்சிஜன் இறங்கியவர்களை டெல்டா அலையில் வார்டு வார்டாகப் பார்த்தோம். 86-ல் இருந்தபடியே கைப்பேசியில் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள், அதில் வியப்பில்லை. மூச்சுவிட வேண்டும் என்ற தவிப்பை முதன்மையாகத் தூண்டுவது ஆக்சிஜன் குறைவு அல்ல, ரத்தத்தில் சேரும் கரியமில வாயு. அந்த வாயு பாதிக்கப்பட்ட நுரையீரலிலிருந்தும் பெருமளவு வெளியேறிவிடுவதால், உடல் ஆக்சிஜனுக்கு ஏங்கும்போதும் தவிப்பு தெரியாமல் இருந்தது. வீட்டுக்கு வீடு ஆக்சிமீட்டர் வாங்கச் சொன்னதன் காரணம் இதுதான். அந்த நிலையில் உங்களைக் காப்பாற்றியவை ஆக்சிஜன், குப்புறப் படுக்கவைத்தது, ஸ்டீராய்டு ஆகிய மூன்றாகத்தான் இருக்கும். டெக்ஸாமெதசோன் என்ற மலிவான பழைய ஸ்டீராய்டு மருந்து, செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது என்பதை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்திய ரெக்கவரி ஆய்வு 2020 ஜூனில் காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயனில்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது. அந்தப் பிற்பகுதியைக் காதில் வாங்காமல் முதல் நாளிலிருந்தே வீட்டில் ஸ்டீராய்டு விழுங்கியவர்கள் 2021-ல் நம் நாட்டில் ஏராளம். கட்டுப்பாடற்ற சர்க்கரை நோயும் சேர்ந்துகொண்டதால் கருப்புப் பூஞ்சைக்குக் கண்ணையும் தாடையையும் இழந்தவர்களைப் பார்த்த பிறகு, அந்த மாத்திரை அட்டையைக் கடையில் சும்மா எடுத்துக் கொடுப்பதைக் கண்டால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

உங்கள் நோய் கடுமையானது. ஆனால் அதன் இடம் தெரியும். நுரையீரலில் அழற்சி வந்தது, அடங்கியது, காற்றுப்பைகள் மெல்ல ஆறின. இப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் நுரையீரல் நன்கு தேறிவிடுகிறது. சிலருக்கு மட்டும் தழும்பு தங்குகிறது. வார்டில் படுத்துக் கரைந்துபோன தசை, மூச்சுப் பயிற்சியாலும் நடையாலும் சத்தான உணவாலும் திரும்பி வருகிறது. உங்களை ‘நடங்கள், இன்னும் கொஞ்சம் நடங்கள்’ என்று சொன்னது சரியான அறிவுரையே.

உங்கள் மனைவிக்கு நேர்ந்திருப்பது அநேகமாக வேறு வகை. தொற்றின் கடுமையும் அதிலிருந்து மீள்வதன் கடுமையும் வேறு வேறு கணக்குகள் என்பதை மருத்துவர்களாகிய நாங்களே தாமதமாகத்தான் கற்றுக்கொண்டோம். 2020-ன் முதல் மாதங்களில், ஆக்சிஜன் இறங்காதவர் இரண்டு வாரத்தில் குணமானவர் என்றே கணக்கு எழுதினோம். ‘நான் குணமாகவில்லை’ என்று உலகெங்கும் நோயாளிகள் ஒருவரையொருவர் தேடிப்பிடித்துச் சொல்லத் தொடங்கிய பிறகுதான் மருத்துவம் திரும்பிப் பார்த்தது. ‘லாங் கோவிட்’ (நீண்ட கோவிட்) என்ற பெயரே 2020-ல் நோயாளிகள் வைத்ததுதான். 2021 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் அதற்கு ஒரு வரையறை தந்தது: தொற்று தொடங்கி மூன்று மாதம் கழிந்த நிலையில், குறைந்தது இரண்டு மாதம் நீடிக்கும், வேறு நோயால் விளக்க முடியாத அறிகுறிகள். தொற்று கண்டவர்களில் ஏறத்தாழ 100-க்கு 6 பேருக்கு இப்படி ஆகிறது என்பது அந்நிறுவனத்தின் மதிப்பீடு. தனி மனிதராகப் பார்த்தால் தீவிர சிகிச்சைக்குப் போனவருக்கே இதற்கான வாய்ப்பு அதிகம். ஆனால் லேசாக வந்தவர்களின் எண்ணிக்கை பல மடங்கு பெரியது என்பதால், இப்படித் துன்பப்படுவோரில் பெரும்பாலோர் மருத்துவமனை வாசலை மிதிக்காதவர்களாகவே இருக்கிறார்கள். பெண்களுக்கு ஆண்களைவிடக் கூடுதலாக வருகிறது என்பதும் பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்டது.

வைரஸ் போன பின்னும் துன்பம் நீடிப்பது நமக்குப் புதிதல்ல. 2006-ல் தமிழகத்தைப் படுத்திய சிக்குன்குனியாவை நினைத்துப் பாருங்கள். காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது, மூட்டுவலி பலருக்கு மாதக்கணக்கிலும் சிலருக்கு ஆண்டுக்கணக்கிலும் நின்றது. வலி எல்லோர் வீட்டிலும் இருந்ததால் அதை ‘மனசு’ என்று யாரும் சொல்லவில்லை. 2003-ல் சார்ஸ் கண்டு பிழைத்தவர்களில் ஒரு பகுதியினர் ஆண்டுகள் கழிந்தும் அசதியோடு வாழ்ந்தது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது.

இது ஏன் நடக்கிறது என்ற இடத்தில் உறுதியானதையும் ஊகத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டும். இப்படியொரு நிலை உண்மையில் இருக்கிறது, உடல் சார்ந்த மாற்றங்கள் அதில் காணப்படுகின்றன என்பது உறுதி. வைரஸின் துணுக்குகள் குடல் போன்ற திசுக்களில் தங்கி எதிர்ப்பாற்றலைச் சீண்டிக்கொண்டிருக்கின்றன என்பது ஒரு விளக்கம்; எதிர்ப்பாற்றல் திசைமாறி உடலையே தாக்குகிறது என்பது இன்னொன்று; நுண்ணிய ரத்தக்கட்டிகள், இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் தானாகவே நெறிப்படுத்தும் தானியங்கி நரம்பு மண்டலத்தின் தடுமாற்றம், முன்பே உடலில் உறங்கிக்கிடந்த வேறு வைரஸ் விழித்துக்கொள்வது ஆகியனவும் பேசப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓரளவு சான்று உண்டு. எல்லா நோயாளிகளையும் விளக்கும் ஆற்றல் எதற்கும் இல்லை. ஒரே பெயரின் கீழ் பல நோய்கள் இருக்கக்கூடும் என்றே நான் நினைக்கிறேன். இதை உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனை எதுவும் இன்று நடைமுறையில் இல்லை. எனவே பரிசோதனைகள் சரியாக இருக்கின்றன என்பதன் பொருள், அந்தப் பரிசோதனைகள் தேடிய நோய்கள் இல்லை என்பது மட்டுமே. 2021-ல் அவருக்குச் சளிப் பரிசோதனை செய்யாததும் பெரிய தடையல்ல. அந்த அலையின் உச்சத்தில், உங்களுக்கு உறுதியான அதே வாரத்தில், காய்ச்சலோடு மணமும் போனது என்றால் அதைக் கொரோனா என்று கொள்வதே நியாயம். இப்போது ஆன்டிபாடி பரிசோதனைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். தொற்றாலும் தடுப்பூசியாலும் ஏறத்தாழ எல்லோரிடமும் அது இருக்கிறது, அதனால் எதையும் நிறுவ முடியாது.

மனம்தான் காரணமா என்பதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். மனச்சோர்வு ஓர் உண்மையான நோய். நீண்ட கோவிட்டோடு சேர்ந்தும் வரும். நான்கு ஆண்டுகளாக யாரும் நம்பாத ஒருவருக்கு அது வராமலிருந்தால்தான் வியப்பு. ஆனால் இரண்டையும் பிரித்தறிய ஓபி அறையில் நான் கேட்கும் கேள்வி எளியது: ‘நாளை உடம்பு சரியாகிவிட்டால் என்னென்ன செய்வீர்கள்?’ மனச்சோர்வில் ஆழ்ந்தவர் பெரும்பாலும் ஒன்றும் சொல்லமாட்டார், எதிலும் நாட்டம் இருக்காது. நீண்ட கோவிட் உள்ளவரோ கோயில், தங்கை வீடு, பாதியில் நின்ற தையல் வகுப்பு என்று அடுக்குவார். ஆசை இருக்கும், உடல்தான் வராது. இது நோயை நிறுவும் சோதனையல்ல, திசைகாட்டும் கேள்வி மட்டுமே. இரண்டும் சேர்ந்திருந்தால் இரண்டுக்கும் மருத்துவம் பார்க்க வேண்டும். மனநல மருத்துவரிடம் போவது தோல்வியும் அல்ல, உடல்நோய் இல்லை என்ற ஒப்புதலும் அல்ல.

இனி நான் மிக முக்கியமாகக் கருதுவது. உழைத்த அன்று சமாளித்துவிட்டு, பல மணி நேரம் கழித்தோ மறுநாளோ அடியோடு விழுவது என்று நீங்கள் எழுதியிருக்கும் ஒரே வரிதான் உங்கள் கடிதத்தில் எடை மிகுந்தது. உழைப்புக்குப் பிந்தைய இந்தச் சரிவு சாதாரணக் களைப்பு அல்ல. களைப்பு தூங்கினால் போகும். இது தூங்கி எழுந்த பின்னும் நாட்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் நிற்கும். உடலுழைப்பால் மட்டுமின்றி நீண்ட பேச்சு, கணக்குவழக்கு, மனக்கொந்தளிப்பு ஆகியவற்றாலும் வரும். நாட்பட்ட அயர்ச்சி நோயில் பல்லாண்டுகளாக அறியப்பட்ட இதே சரிவு, நீண்ட கோவிட்டிலும் ஒரு கணிசமான பகுதியினருக்கு இருக்கிறது. இப்படிப்பட்டவரைத் தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொல்வது, வாரந்தோறும் தூரத்தைக் கூட்டச் சொல்வது, தீங்கு செய்யும். இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, நாட்பட்ட அயர்ச்சி நோய்க்குப் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியை முன்பு பரிந்துரைத்தது. 2021-ல் அதை விலக்கிக்கொண்டது. உங்களை எழுப்பி நிறுத்திய அதே நடைப்பயிற்சி உங்கள் மனைவியைப் படுக்கவைக்கக் கூடும் என்பதை உங்கள் வீட்டில் எல்லோருக்கும் புரியவைப்பது, எந்த மாத்திரையைவிடவும் பயன்தரும்.

மாற்று என்ன என்றால், வேலையைச் சரிவுக்கு முந்தைய எல்லைக்குள் நிறுத்துவது. இரண்டு வாரம் ஒரு நோட்டில் மணிவாரியாக என்ன செய்தார், மறுநாள் எப்படி இருந்தார் என்று எழுதச் சொல்லுங்கள். எல்லை எங்கே என்பது அதிலிருந்து தெரியும். காய் நறுக்குவது உட்கார்ந்தபடி, துணி துவைப்பது ஒரு நாள், மடிப்பது வேறொரு நாள், குளித்த பிறகு அரை மணி படுக்கை என்று பிரிக்க வேண்டும். நல்ல நாள் வந்தால் தேங்கிய வேலை அனைத்தையும் முடித்துவிடும் ஆசை வரும். சரிவுக்கு வழிவகுப்பது பெரும்பாலும் அந்த நல்ல நாள்தான். இதை அவர் தனியாகச் செய்ய முடியாது. நீங்கள் மருத்துவமனையில் கிடந்தபோது அவர் காய்ச்சலோடு பிள்ளைகளுக்குச் சமைத்து, படுக்கைக்காக விடிய விடியத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஓய்வின்மைதான் இதற்குக் காரணம் என்று சொல்ல ஆதாரம் இல்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் என்னிடம் வந்த பெண்களில் பலருக்கு நோய்க்காலம் என்பது வேலையிலிருந்து விடுப்பாக ஒருபோதும் இருந்ததில்லை. சமையலறையில் பாதியை நீங்கள் ஏற்காமல் மேலே சொன்ன எதுவும் நடக்காது.

எழுந்து நின்றால் படபடப்பது குறித்து: பத்து நிமிடம் படுக்கவைத்து நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் எடுத்து, பின் சுவரில் லேசாகச் சாய்ந்து நிற்கவைத்து, நிமிடத்துக்கு ஒருமுறையாகப் பத்து நிமிடம் எடுக்க வேண்டும். அழுத்தம் பெரிதாக இறங்காமல் துடிப்பு மட்டும் நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் கூடி அப்படியே நின்றால், அது தானியங்கி நரம்பு மண்டலத்தின் தடுமாற்றமாக இருக்கக்கூடும். எக்கோவில் இது தெரியாது, ஏனெனில் எக்கோ படுத்திருக்கும்போது எடுப்பது. மயக்கம் வரலாம் என்பதால் இந்தச் சோதனையை மருத்துவமனையில் செய்துகொள்வதே நல்லது. உறுதியானால், நீரும் உப்பும் கூட்டுவது, காலிலும் வயிற்றிலும் இறுக்கிப் பிடிக்கும் மீள்தன்மையுள்ள உறை அணிவது, துடிப்பைக் குறைக்கும் மருந்தைச் சிறிய அளவில் கொடுப்பது என்று வழிகள் உண்டு. ரத்தக்கொதிப்போ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர் தாமாக உப்பைக் கூட்டக் கூடாது. இவ்வளவு பெரிய பட்டியலில் ஓரளவு நம்பிக்கையோடு மருத்துவம் பார்க்கக்கூடிய பகுதி இது என்பதால், இதைத் தவறவிடாதீர்கள்.

மணம் மாறுவதற்கு ஓரளவு தெளிவான விளக்கம் இருக்கிறது. இந்த வைரஸ் பெரும்பாலும் மணமறியும் நரம்பணுக்களை நேராகத் தாக்குவதில்லை. அவற்றைத் தாங்கி நிற்கும் துணை அணுக்களைத் தாக்குகிறது. நரம்பணுக்கள் மீண்டும் முளைக்கும் ஆற்றல் உள்ளவை. முளைக்கும்போது இணைப்புகள் மாறிப்போனாலோ சில வகை அணுக்கள் மட்டும் திரும்பினாலோ, நல்ல மணமும் நாற்றமாகத் தோன்றுகிறது. காபி, வதக்கிய வெங்காயம், பூண்டு, வறுத்த இறைச்சி ஆகியவை உலகெங்கும் இதே நோயாளிகள் சொல்லும் பொருள்கள். வறுக்கும்போது உண்டாகும் கந்தகம் கலந்த சில சேர்மங்களே அந்த நாற்றத்தைத் தூண்டுகின்றன என்று கண்டிருக்கிறார்கள். அவர் மிகைப்படுத்தவில்லை. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஹும்மல் குழுவினர் 2009-ல் வெளியிட்ட மணப்பயிற்சி முறை எளியது, செலவில்லாதது: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கையும் காலையும் மாலையும், ஒவ்வொன்றையும் சில விநாடி, அந்த மணத்தை நினைவுகூர்ந்தபடி முகர வேண்டும், குறைந்தது மூன்று மாதம் விடாமல். நான்கு ஆண்டுக்குப் பின் தொடங்கினால் பலன் குறைவாக இருக்கலாம், ஆனால் இழப்பதற்கு ஒன்றுமில்லை. அதுவரை தாளிப்பு அடங்கிய பின் சற்று ஆறியே சாப்பிடட்டும். சூட்டில்தான் நாற்றம் அதிகம். சமையல் எரிவாயு கசிந்தால் அவருக்குத் தெரியாமல் போகலாம் என்பதால் கசிவை அறிவிக்கும் கருவி ஒன்றை வாங்கி வையுங்கள்.

நீண்ட கோவிட் என்று முத்திரை குத்துவதற்குமுன் விலக்க வேண்டியவை சில உண்டு, நம் ஊரில் இது மேலும் முக்கியம். தமிழ்நாட்டில் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தச்சோகை இருப்பது தேசியக் குடும்பநல ஆய்வில் தெரிந்த விஷயம். ஹீமோகுளோபின் மட்டுமின்றி உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவும் பார்க்கப்பட்டதா என்று கேளுங்கள். தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை, பி12, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், மாதவிடாய் நிற்கும் பருவம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். இருமலோ எடைக்குறைவோ மாலைக் காய்ச்சலோ இருந்தால் கோவிட்டை மறந்துவிட்டுக் காசநோயைத் தேடுங்கள். ‘கொரோனாவுக்குப் பிந்தைய இருமல்’ என்று மாதக்கணக்கில் இருமல் மருந்து குடித்த பின் காசநோய் என்று தெரிந்தவர்கள் உண்டு.

மருந்து என்று வந்தால், நீண்ட கோவிட்டைக் குணமாக்கும் என்று நிறுவப்பட்ட மருந்து இன்று எதுவும் இல்லை. கொரோனா வைரஸுக்கு எதிரான பாக்ஸ்லோவிட் மாத்திரையை 15 நாள் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில், வெற்று மாத்திரையைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை. ரத்தம் உறைவதற்கான அறிகுறியாகக் கொள்ளப்படும் டி-டைமர் அளவை மீண்டும் மீண்டும் பார்த்து, தாமாக ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுவது ஆபத்து. கபசுரக் குடிநீர் குடித்தால் தெம்பாக இருப்பதாக அவர் சொன்னால் நான் தடுப்பதில்லை. ஆனால் இந்த நிலையை அது தீர்க்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. வைட்டமின் ட்ரிப், குருத்தணு (ஸ்டெம் செல்) ஊசி, ஆக்சிஜன் அறை என்று ஆயிரங்களிலும் லட்சங்களிலும் விலை சொல்பவர்களிடமிருந்து தள்ளியிருங்கள். தடுப்பூசியைப் பொறுத்தவரை, அரிதான பாதிப்புகள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு அறிகுறிகள் மே மாதமே தொடங்கிவிட்டன, ஊசி போட்டது ஆகஸ்டில் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தொற்றுக்கு முன்பே ஊசி போட்டவர்களுக்கு நீண்ட கோவிட் வரும் வாய்ப்பு குறைவு என்றே பெரும்பாலான ஆய்வுகள் சொல்கின்றன. மறுதொற்று சிலருக்கு நிலைமையை மோசமாக்குகிறது. ஆகவே கூட்டமான, காற்றோட்டமில்லாத இடங்களில் அவர் முகக்கவசம் அணிவதைக் கேலி செய்யாதீர்கள்.

முழுமையாகக் குணமாகுமா என்றால், முதல் ஓராண்டில் தேறுபவர்களே அதிகம்; அதன்பின் முன்னேற்றம் மெதுவாகிறது. நான்கு ஆண்டு கடந்தவருக்கு இன்ன தேதியில் சரியாகும் என்று சொல்பவரை நம்ப வேண்டாம். ஆனால் சரிவுகளைக் குறைத்ததாலேயே வாழ்க்கை மீண்டும் வசப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த முறை நேராக ஒரு சிறப்பு மருத்துவரிடம் போகாமல், நேரம் ஒதுக்கிக் கேட்கும் பொது மருத்துவர் ஒருவரிடம் போங்கள். இரண்டு வாரக் குறிப்பேடு, இதுவரை எடுத்த பரிசோதனைகள், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். ‘அசதியாக இருக்கிறது’ என்று தொடங்காமல், ‘இன்ன வேலை செய்த மறுநாள் இத்தனை மணி நேரம் படுத்திருந்தேன்’ என்று உங்கள் மனைவியே தொடங்கட்டும். நின்று எடுக்கும் நாடிச் சோதனையையும் ஃபெரிட்டினையும் நீங்கள் பெயர் சொல்லிக் கேளுங்கள். அதற்குமுன் எப்போதாவது நெஞ்சுவலி, மயங்கி விழுதல், ஒரு காலில் மட்டும் வீக்கம், ஓய்விலும் மூச்சுத்திணறல், ஆக்சிஜன் 94-க்குக் கீழ் இறங்குவது ஆகியவற்றில் ஒன்று நேர்ந்தாலும், இதை நீண்ட கோவிட் என்று எண்ணிக் காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.